காற்றை அளந்து கல்லை அறிதல்: உலோகக் கார்பனேட்டுகளின் வெப்பச் சிதைவு

நுழையும்முன்

சுண்ணாம்புக் காளவாயில் இடப்படும் கல்லும், சூளை ஆறியபின் வெளியே எடுக்கப்படும் சுட்ட சுண்ணாம்பும் உருவத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் தூக்கிப் பார்ப்பவரின் கை வேறுபாட்டை உடனே உணர்ந்துவிடும். 100 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல் முழுமையாகச் சுடப்பட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பு மட்டுமே எஞ்சும். மீதி 44 கிலோகிராம் எங்கே போயிற்று? அது சாம்பலாக அடியில் தங்கவில்லை. நிறமோ மணமோ கொண்ட ஆவியாகவும் வெளிப்படவில்லை. நிறமற்ற, மணமற்ற ஒரு வாயுவாக அது காற்றோடு கலந்துவிட்டது.

கண்ணுக்குப் புலப்படாத அவ்வாயுவைப் பிடித்து அளக்க முடியும். அளந்த அளவைக் கொண்டு, நாம் சூடேற்றிய திண்மம் உண்மையில் எது என்பதையும் முடிவுசெய்ய முடியும். இம்முறையின் வரலாற்றையும் அடிப்படையையும் செய்முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

எடை குறைந்ததன் காரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய வேதியியலாளர் பலர் சுட்ட சுண்ணாம்பின் அரிக்கும் தன்மைக்கு நெருப்பே காரணம் எனக் கருதினர். நெருப்பின் நுண்துகள்கள் கல்லினுள் புகுந்து தங்குவதால்தான் சுண்ணாம்பு நாவைச் சுடுகிறது, நீர் பட்டதும் கொதிக்கிறது என்பது அவர்களது விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விளக்கத்தை எவரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று கல்லினுள் புகுந்திருந்தால் அதன் எடை கூடியிருக்க வேண்டும் அல்லவா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்ற ஜோசப் பிளாக் இவ்வினாவைத் தராசின் துணையோடு ஆராய்ந்தார். சிறுநீர்ப்பைக் கற்களைக் கரைக்கும் மென்மையான மருந்து ஒன்றைத் தேடியே அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெண் மக்னீசியா. இன்று நாம் அதனை மெக்னீசியம் கார்பனேட் வகையைச் சார்ந்த ஒரு சேர்மம் என அறிவோம். அதனை நன்கு சூடேற்றியபோது அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி குறைந்தது. சூடேற்றுமுன் அமிலத்தில் நுரைத்துப் பொங்கிய அப்பொருள், சூடேற்றியபின் நுரைக்காமல் அமிலத்தில் கரைந்தது. ஆகவே, அமிலம் வெளியேற்றும் வாயுவும் வெப்பம் வெளியேற்றும் வாயுவும் ஒன்றே எனப் பிளாக் உய்த்துணர்ந்தார். திண்மத்தினுள் பிணைந்து கிடந்த அதனை ‘நிலைப்படுத்தப்பட்ட காற்று’ என்று குறிப்பிட்டார். அவருடைய மருத்துவப் பட்ட ஆய்வுரை 1754ஆம் ஆண்டிலும், அதனை விரித்தெழுதிய கட்டுரை 1756ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

பிளாக் முதன்மையாக எடையை அளந்தார். வாயுவின் கனஅளவை அளக்கும் கலை வேறொரு வழியில் வளர்ந்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் 1727ஆம் ஆண்டிலேயே, சூடேற்றிய பொருள்களிலிருந்து வெளிவரும் காற்றை நீரின்மேல் கவிழ்த்த கலங்களில் சேகரித்து அளந்திருந்தார். 1766ஆம் ஆண்டில் ஹென்றி கேவண்டிஷ், நிலைப்படுத்தப்பட்ட காற்று நீரில் கணிசமாகக் கரைகிறது என்பதைக் கண்டறிந்து, அதனைப் பாதரசத்தின்மேல் சேகரித்தார். எதன்மேல் சேகரிக்கிறோம் என்பது அளவீட்டையே மாற்றிவிடக் கூடும் என்னும் அவரது கவனம், இன்று பள்ளி ஆய்வகத்தில் பணிபுரியும் நமக்கும் தேவைப்படுகிறது. அக்காற்று கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் என்பது பின்னர் லவாய்சியரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. நாம் அதனைக் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம்.

சிதைவு நிகழும் விதம்

ஒரு சேர்மம் வெப்பத்தால் எளிய பொருள்களாகப் பிரிவது வெப்பச் சிதைவு எனப்படும். பெரும்பாலான உலோகக் கார்பனேட்டுகள் பின்வரும் முறையில் சிதைகின்றன:

உலோகக் கார்பனேட் → உலோக ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

எல்லாக் கார்பனேட்டுகளும் ஒரே வெப்பநிலையில் சிதைவதில்லை. இரண்டாம் தொகுதித் தனிமங்களின் கார்பனேட்டுகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவை சிதையும் வெப்பநிலைகள் தோராயமாக வருமாறு:

மெக்னீசியம் கார்பனேட்: 540 டிகிரி செல்சியஸ்
கால்சியம் கார்பனேட்: 900 டிகிரி செல்சியஸ்
ஸ்டிரான்சியம் கார்பனேட்: 1290 டிகிரி செல்சியஸ்
பேரியம் கார்பனேட்: 1360 டிகிரி செல்சியஸ்

தொகுதியில் மேலிருந்து கீழே செல்லச் செல்லக் கார்பனேட்டின் வெப்ப நிலைப்புத்தன்மை கூடுகிறது. இதன் காரணத்தை அயனிகளின் உருவளவில் தேட வேண்டும். கார்பனேட் அயனி உருவில் பெரியது. அதன் எதிர்மின்சுமை மூன்று ஆக்சிஜன் அணுக்களின்மீதும் பரவி நிற்கிறது. சிறிய உருவமும் இரட்டை நேர்மின்சுமையும் கொண்ட உலோக அயனி அருகில் இருக்கும்போது, இவ்வெலக்ட்ரான் முகிலைத் தன்பால் வலிந்து இழுக்கிறது. அவ்வாறு இழுக்கப்பட்ட ஆக்சிஜனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. போதிய வெப்பம் கிடைத்தவுடன் அந்த ஆக்சிஜன் உலோகத்தோடு தங்கிவிட, எஞ்சிய பகுதி கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து செல்கிறது. மெக்னீசிய அயனி சிறியது. அதன் இழுப்பு வலிது. பேரிய அயனி பெரியது. அதன் இழுப்பு மெலிது. எனவே பேரியம் கார்பனேட்டைச் சிதைக்க மிகுந்த வெப்பம் வேண்டியிருக்கிறது.

ஒற்றை நேர்மின்சுமை மட்டுமே கொண்ட சோடிய அயனியின் இழுப்பு இன்னும் குறைவு. சோடியம் கார்பனேட்டைப் பள்ளி ஆய்வகச் சுடரில் எவ்வளவு நேரம் சூடேற்றினாலும் சிதையாது. இதற்கு நேர்மாறாக, தாமிர அயனி ஏறத்தாழ மெக்னீசிய அயனியின் உருவளவே உடையது. ஆயினும் அதன் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள் கருவின் கவர்ச்சியை முழுமையாக மறைப்பதில்லை. ஆகவே அதன் இழுப்பு மெக்னீசிய அயனியினுடையதைவிட வலிது. தாமிரக் கார்பனேட் மெல்லிய சுடரிலேயே சிதைந்துவிடும். இதனால்தான் பள்ளி ஆய்வுக்கு அது ஏற்றதாகிறது.

ஒரு புட்டியும் ஒரு வினாவும்

ஆய்வகத்தில் ‘தாமிரக் கார்பனேட்’ என்று பெயரொட்டிய புட்டியில் பச்சை நிறத் தூள் ஒன்று இருக்கிறது. அதனைச் சூடேற்றினால் கரிய தூளாக மாறுகிறது. கரிய தூள் தாமிர ஆக்சைடு. வெளிவரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அந்நீர் பால்போல் வெண்மையாகிறது. எனவே வாயு கார்பன் டை ஆக்சைடு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் புட்டியின் பெயர் சரியே என்று தோன்றும்.

ஆனால் சோதனைக்குழாயை உற்று நோக்குங்கள். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் நீர்த்திவலைகள் படிகின்றன. தூய தாமிரக் கார்பனேட்டில் ஹைட்ரஜன் இல்லை. பிறகு நீர் எங்கிருந்து வந்தது? தூள் ஈரமாக இருந்திருக்கலாம். அல்லது அத்தூளின் இயைபிலேயே ஹைட்ராக்சைடு பகுதி சேர்ந்திருக்கலாம். தூளை நன்கு உலர்த்தியபின் சூடேற்றியும் நீர் தோன்றினால், இரண்டாவது காரணமே வலுப்பெறும்.

இப்போது நம் முன் இரண்டு கருதுகோள்கள் உள்ளன.

முதலாவது: தூள், ஒரு பங்கு தாமிரத்துக்கு ஒரு பங்கு கார்பனேட் கொண்ட எளிய தாமிரக் கார்பனேட். அதன் மோலார் நிறை 123.5 கிராம்.

இரண்டாவது: தூள், ஒரு பங்கு தாமிரக் கார்பனேட்டும் ஒரு பங்கு தாமிர ஹைட்ராக்சைடும் இணைந்த காரத் தாமிரக் கார்பனேட். அதன் மோலார் நிறை 221 கிராம்.

சுண்ணாம்பு நீர்ச் சோதனையால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. இரண்டும் கார்பன் டை ஆக்சைடு தருபவை. நிறமாற்றமும் உதவாது; இரண்டும் கரிய ஆக்சைடாக முடிபவை. எவ்வளவு வாயு என்னும் வினா மட்டுமே இவற்றைப் பிரித்துக் காட்டும்.

எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடுவோம். அறை வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் எனக் கொள்க. இவ்வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.6 லிட்டர் கனஅளவை அடைத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும் தூளின் நிறை 0.50 கிராம்.

முதல் கருதுகோளின்படி: 0.50 ÷ 123.5 = 0.00405 மோல். ஒரு மோல் தூள் ஒரு மோல் வாயு தரும். எனவே வாயுவின் கனஅளவு 0.00405 × 24,600 = 100 மில்லிலிட்டர் (தோராயமாக).

இரண்டாம் கருதுகோளின்படி: 0.50 ÷ 221 = 0.00226 மோல். இதுவும் ஒரு மோலுக்கு ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடே தரும். எனவே வாயுவின் கனஅளவு 0.00226 × 24,600 = 56 மில்லிலிட்டர் (தோராயமாக).

நிறையிழப்பை மட்டும் அளந்தால் என்னவாகும் என்பதையும் பார்ப்போம். முதல் கருதுகோளின்படி எஞ்சும் தாமிர ஆக்சைடு 0.32 கிராம், இரண்டாவதன்படி 0.36 கிராம். இரண்டு தசமத்தானம் காட்டும் தராசில் இவ்வேறுபாடு நான்கு அலகுகள் மட்டுமே. மேலும் இழந்த நிறையில் நீரும் வாயுவும் கலந்திருக்கும். கனஅளவிலோ வேறுபாடு 100க்கும் 56க்கும் உரியது. நீராவி குளிர்ந்து திரவமாகிவிடுவதால் அது பெரும்பாலும் கணக்கில் புகுவதில்லை. கருதுகோள்கள் எவ்விடத்தில் மிகுதியாக வேறுபடுகின்றனவோ அவ்விடத்தில் அளப்பதே நல்ல ஆய்வின் இலக்கணம்.

செய்முறை

தேவையானவை: கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாய், ரப்பர் அடைப்பான் பொருத்திய போக்குக்குழாய், நீர்த்தொட்டி, 100 மில்லிலிட்டர் அளவுசாடி, தாங்கி, மின்னணுத் தராசு, சுடரடுப்பு, கண்ணாடி இழைப்பஞ்சு, வெப்பநிலைமானி.

1. உலர்த்திய பச்சைத் தூளில் 0.50 கிராம் எடையிட்டுச் சோதனைக்குழாயில் இடுக. தூள் மிக மெல்லியது. வாயு வெளிவரும்போது அதனைத் தூக்கியெறியும். ஆகவே குழாயின் வாய்ப்பகுதியில் சிறிது கண்ணாடி இழைப்பஞ்சைத் தளர்வாக வைக்க.

2. குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு தாங்கியில் பொருத்துக. அவ்வாறு செய்யாவிடில், மேற்பகுதியில் குளிர்ந்த நீர்த்திவலைகள் சூடான அடிப்பகுதிக்கு வழிந்து கண்ணாடியை விரிசலுறச் செய்யும்.

3. அளவுசாடியை நீரால் நிரப்பி, காற்றுக்குமிழி புகாதவாறு நீர்த்தொட்டியில் கவிழ்க்க. போக்குக்குழாயின் முனையைச் சாடியின் வாய்க்குள் செலுத்துக.

4. மெல்லிய சுடரில் தொடங்கிச் சீராகச் சூடேற்றுக. ஒவ்வொரு 30 விநாடிக்கும் சாடியின் அளவீட்டைக் குறித்துக்கொள்க.

5. தூள் முழுவதும் கருமையாகி, அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் மாறாமல் நின்றால் சிதைவு முடிந்தது எனக் கொள்க.

6. சுடரை அகற்றுமுன் போக்குக்குழாயை நீரிலிருந்து வெளியே எடுத்துவிடுக. மறந்தால், குளிரும் குழாயினுள் அழுத்தம் குறைந்து, தொட்டியின் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான கண்ணாடியை உடைத்துவிடும்.

7. சாடியின் உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாகுமாறு சாடியை உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்தபின் இறுதி அளவீட்டை எடுக்க.

ஆய்வு முழுவதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். தாமிரச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை. ஆகவே ஆய்வு முடிந்ததும் கைகளை நன்கு கழுவுக.

அளவீட்டுக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரைந்தால், அது முதலில் ஏறிப் பின்னர் கிடைக்கோடாக நிற்கும். ஏறும் பகுதியின் சாய்வு சிதைவின் வேகத்தைக் காட்டும். கிடைக்கோட்டின் உயரம் வாயுவின் மொத்த அளவைக் காட்டும். இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். சுடரைக் கூட்டினால் வேகம் மாறும். மொத்த அளவு மாறாது. நம் வினாவுக்குரிய விடை கிடைக்கோட்டின் உயரத்தில் இருக்கிறது.

பிழைகள் புகும் வழிகள்

சாடி காட்டும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. அதனைக் கூட்டியும் குறைத்தும் காட்டக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

குழாயில் இருந்த காற்று: தொடக்கத்தில் சாடிக்குள் வருவது பெரும்பாலும் குழாயில் இருந்த காற்றே. இது பிழையன்று. வெளியேறிய காற்றின் இடத்தை அதே கனஅளவு கார்பன் டை ஆக்சைடு நிரப்பி நிற்கும். ஆனால் சூட்டினால் காற்று விரிவடைவது பிழையாகும். போக்குக்குழாயைச் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுவதால், விரிந்து வெளியேறிய காற்று சாடியிலேயே தங்கிவிடுகிறது. இதனைச் சரிசெய்ய, தூள் இல்லாத வெற்றுக்குழாயை அதே சுடரில், அதே நேரம் சூடேற்றிக் கிடைக்கும் கனஅளவைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். இது வெற்று ஆய்வு எனப்படும்.

நீரில் கரைதல்: அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ முக்கால் லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ள வல்லது. முழுமையாகக் கரைவதற்கு நேரம் பிடிக்குமாயினும், சாடியில் குமிழியிட்டு ஏறும்போதே ஒரு பகுதி கரைந்துவிடும். ஆகவே அளவீடு உண்மையைவிடக் குறையும். கேவண்டிஷ் இதற்காகப் பாதரசத்தை நாடினார். அதன் ஆவி நச்சுடையது என்பதால் பள்ளியில் நாம் அதனைப் பயன்படுத்துவதில்லை. மாற்றாக, பளிங்குத் துண்டுகளின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடைத் தொட்டி நீரில் முன்கூட்டியே நெடுநேரம் செலுத்தி வைக்கலாம். வாயுவால் நிறைவுற்ற நீர் மேலும் கரைத்துக்கொள்ளாது. நீரையே தவிர்த்து, உந்துதண்டு எளிதாக நகரும் கண்ணாடிப் பீச்சுக்குழலில் வாயுவைச் சேகரிப்பது இன்னும் சிறந்தது. பீச்சுக்குழலைப் பயன்படுத்தும்போது, கருவி முழுவதும் அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை அதனைக் கழற்றாமல் காத்திருந்து அளந்தால், காற்று விரிவடைந்த பிழையும் தானே நீங்கிவிடும்.

நீராவி: நீரின்மேல் சேகரித்த வாயுவில் நீராவி கலந்திருக்கும். 27 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர் பாதரசம். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 3.5 விழுக்காடு. ஆகவே உலர்நிலையில் 56 மில்லிலிட்டர் இருக்க வேண்டிய வாயு, ஈரநிலையில் 58 மில்லிலிட்டராகத் தோன்றும்.

நீர்மட்ட வேறுபாடு: சாடியினுள் நீர்மட்டம் வெளியே உள்ளதைவிட 13.6 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் ஒரு சென்டிமீட்டர் பாதரச அளவு குறைந்திருக்கும். அதனால் கனஅளவு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடித் தெரியும்.

இப்பிழைகளுள் சில அளவீட்டைக் கூட்டுவன, சில குறைப்பன. ஆனால் கவனத்துடன் செய்யப்பட்ட ஆய்வில் இவை அனைத்தும் சேர்ந்தாலும் 56ஐ 100ஆக மாற்றிவிட இயலாது. பிழையின் எல்லையை அறிவதன் பயன் இதுவே. அளவீடு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது தெரிந்தால்தான், அதனைக்கொண்டு ஒரு கருதுகோளை விலக்கும் உரிமை நமக்குக் கிடைக்கும்.

அளவீடு கூறும் முடிவு

திருத்தங்கள் செய்தபின், மூன்று முறை திரும்பச் செய்த ஆய்வில் 54, 56, 55 மில்லிலிட்டர் என்னும் அளவீடுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் சராசரி 55. இது இரண்டாம் கருதுகோளுக்கு மிக அருகிலும், முதல் கருதுகோளுக்கு மிகத் தொலைவிலும் உள்ளது. புட்டியில் இருந்தது காரத் தாமிரக் கார்பனேட் என முடிவுசெய்யலாம். எஞ்சிய கரிய தூளின் நிறை 0.36 கிராமுக்கு அருகில் இருந்தால் இம்முடிவு மேலும் உறுதிப்படும்.

கடைகளில் தாமிரக் கார்பனேட் என்னும் பெயரில் கிடைக்கும் பச்சைத் தூள் வழக்கமாக இச்சேர்மமே. மாலகைட் என்னும் பச்சைக் கனிமத்தின் இயைபும் இதுவே. ஈரக்காற்றில் நாட்பட்ட செம்பின்மேல் படியும் பச்சைக் களிம்பிலும் இது முக்கியமான பகுதி. களிம்பேறிய செப்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும்போது, புளியின் அமிலம் இச்சேர்மத்தோடு வினைபுரிந்து அதனைக் கரைக்கிறது. எளிய தாமிரக் கார்பனேட் சாதாரணச் சூழலில் நிலைப்பதில்லை. மிக உயர்ந்த அழுத்தத்தில் மட்டுமே அதனைத் தயாரிக்க முடிந்துள்ளது.

இங்கு மாணவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செய்முறைக் குறிப்பேட்டில் ‘வரவேண்டிய’ விடையை முதலில் கணக்கிட்டு, அதற்கு ஏற்ப அளவீடுகளை எழுதிவிடும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. இந்த ஆய்வில் அவ்வாறு செய்பவர் புட்டியின் பெயரை நம்பி 100 மில்லிலிட்டர் என்று எழுதுவார். அவரது கணக்கு பிழையற்றதாக இருக்கும். குறிப்பேடும் அழகாக இருக்கும். முடிவோ முற்றிலும் தவறாக இருக்கும். சாடி காட்டிய 55ஐ அப்படியே எழுதி, ‘ஏன் குறைந்தது?’ என்று வினவுபவரே உண்மையை அடைவார். பொருந்தாத எண்ணைத் திருத்திவிட்டால், அந்த எண் சொல்ல வந்த செய்தியும் அதனோடு அழிந்துபோகும். நெருப்பு சுண்ணாம்புக்குள் புகுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டபோது, தராசு காட்டிய எடைக்குறைவைப் பிளாக் புறக்கணித்திருந்தால், நிலைப்படுத்தப்பட்ட காற்று அவருக்குப் புலப்பட்டிருக்காது.

ஒருவேளை 75 மில்லிலிட்டர் கிடைத்தால்? அது இரு கருதுகோள்களுக்கும் பொருந்தவில்லை. அப்போது வசதியான ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல், வெற்று ஆய்வு செய்யப்பட்டதா, தூள் வேறு கார்பனேட்டோடு கலந்துள்ளதா, மூன்றாவது இயைபு ஒன்று இருக்கக்கூடுமா எனத் தேட வேண்டும்.

காளவாயும் சிமெண்டு ஆலையும்

சோதனைக்குழாயில் நாம் அளந்த அதே வினை மிகப் பெரிய அளவில் தொழிற்சாலைகளில் நிகழ்கிறது. சுண்ணாம்புக்கல்லின் சிதைவு மீள்வினை:

கால்சியம் கார்பனேட் ⇌ கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

மூடிய கலத்தில் சூடேற்றினால், வெளிவந்த வாயு ஆக்சைடோடு மீண்டும் சேர, வினை ஒரு சமநிலையில் நின்றுவிடும். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில்தான் அச்சமநிலை வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை எட்டுகிறது. காளவாயில் காற்றோட்டம் தடையின்றி இருக்க வேண்டும் என்று தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எரிபொருள் நன்கு எரிவதற்கு மட்டுமன்றி, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அகற்றி வினையை முன்னோக்கிச் செலுத்துவதற்கும் அக்காற்றோட்டம் துணைபுரிகிறது.

தமிழ்நாட்டில் அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாக இருந்த காலத்தில் படிந்த பாறைகள் அவை. இன்று அங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு அவையே மூலப்பொருள். சிமெண்டு தயாரிப்பில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் கலந்து ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகின்றனர். அவ்வெப்பநிலையை எட்டுவதற்கு முன்பே சுண்ணாம்புக்கல் தன் வாயுவை இழந்துவிடுகிறது.

நம் ஆய்வகக் கணக்கையே இங்கும் பயன்படுத்துவோம். 1000 கிலோகிராம் தூய கால்சியம் கார்பனேட் என்பது 10,000 மோல். அது சிதைந்தால் 10,000 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 440 கிலோகிராம் வெளியேறும். 27 டிகிரி செல்சியஸில் அதன் கனஅளவு 2,46,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளளவுடைய தண்ணீர் லாரிகள் இருபதை நிரப்பக்கூடிய வாயு அது. உலையைச் சூடேற்ற எரிக்கப்படும் நிலக்கரியிலிருந்து வரும் வாயு இதில் சேரவில்லை.

இக்கணக்கு உணர்த்தும் செய்தி முக்கியமானது. நாளை சூளைகள் அனைத்தும் சூரிய ஆற்றலால் சூடேற்றப்பட்டாலும், ஒவ்வொரு ஆயிரம் கிலோகிராம் சுண்ணாம்புக்கல்லுக்கும் அந்த 440 கிலோகிராம் வாயு வெளிவந்தே தீரும். அது கல்லின் இயைபிலேயே பிணைந்து கிடப்பது. எனவே எரிபொருளை மாற்றுவதோடு, சுண்ணாம்புக்கல்லின் பங்கைக் குறைத்து நிலக்கரிச் சாம்பல், இரும்பாலைக் கசடு போன்றவற்றைச் சிமெண்டில் சேர்ப்பதும், வெளிவரும் வாயுவைப் பிடித்து வைப்பதும் தேவையாகின்றன.

இவ்வினையின் மறுபாதியும் நம் கட்டடங்களில் நிகழ்கிறது. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு குழைத்துப் பூசிய காரை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சூளையில் சில மணி நேரத்தில் இழந்த வாயுவைச் சுவரில் பல ஆண்டுகளாகத் திரும்பப் பெறுகிறது. கான்கிரீட்டும் ஒரு பகுதியை இவ்வாறு ஏற்கிறது. ஆனால் வெளியேறியது முழுவதையும் அது ஈடுசெய்வதில்லை.

நினைவிற்கொள்க

• பெரும்பாலான உலோகக் கார்பனேட்டுகள் வெப்பத்தால் உலோக ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதைகின்றன.
• உலோக அயனி சிறியதாகவும் அதன் மின்சுமை மிகுந்தும் இருந்தால், அதன் கார்பனேட் எளிதில் சிதையும்.
• வாயு வெளிவரும் வேகமும் வெளிவந்த மொத்த அளவும் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன.
• வாயுவை அளக்கும்போது வெப்பநிலை, அழுத்தம், கரைதிறன், நீராவி, காற்று விரிவடைதல் ஆகியவற்றைக் கருத வேண்டும்.
• பெயரொட்டி ஒரு கூற்று. அளவீடு அதற்கான சோதனை.

சிந்தித்து விடையளிக்க

1. அசுரைட் என்னும் நீலக் கனிமத்தின் மோலார் நிறை 345 கிராம். அதன் ஒரு மோல் சிதையும்போது இரண்டு மோல் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிறது. 0.50 கிராம் அசுரைட், 300 கெல்வினில் எவ்வளவு வாயு தரும்? மேற்கூறிய ஆய்வால் இதனைப் பச்சைத் தூளிலிருந்து வேறுபடுத்த இயலுமா?

2. இரு கார்பனேட்டுகளின் வெப்ப நிலைப்புத்தன்மையை ஒப்பிட, சம நிறைகளை எடுப்பதைவிடச் சம மோல்களை எடுப்பது ஏன் பொருத்தமானது?

3. ஒரு மாணவியின் அளவீடுகள் 48, 56, 56, 56 மில்லிலிட்டர் எனவும், மற்றொருவருடையவை 30, 38, 44, 49 மில்லிலிட்டர் எனவும் முடிகின்றன. இவற்றுள் எதனைக்கொண்டு தூளின் இயைபைக் கணக்கிடலாம்? ஏன்?

4. ‘மெக்னீசியம் கார்பனேட்’ என்று பெயரொட்டிய உலர்ந்த தூளில் 0.42 கிராம், 300 கெல்வினில் 123 மில்லிலிட்டர் வாயு தர வேண்டும் எனக் கணக்கு கூறுகிறது. கவனமாகச் செய்த ஆய்வில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது; குழாயின் மேற்பகுதியில் நீர்த்திவலைகளும் தோன்றுகின்றன. நீங்கள் எவ்வாறு முடிவு செய்வீர்கள்? அம்முடிவை உறுதிப்படுத்த அடுத்து எதனை அளப்பீர்கள்?